வருமான வரம்பு வேண்டுமா, வேண்டாமா: சூடான அரசியல் தலைப்பைக் கல்லூரி வகுப்பில் விவாதிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி

பட்டிமன்றமும் சொற்போட்டியும் நம் மாணவர்களுக்கு நன்றாகப் பழகியவை. அணி பிரித்தாகிவிட்டால் அந்த அணிக்காக அடித்துப் பேச வேண்டும், கைதட்டல் வாங்க வேண்டும், கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்வார். மேடைக்கு இது பொருந்தும். இதே பழக்கத்தோடு இட ஒதுக்கீடு, நீட், மும்மொழி என்று வகுப்பில் பேச்சை எடுத்தால் நான்கு பேர் கத்துவார்கள், மீதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். அதைவிட மோசமானதும் நடக்கும். ஆசிரியர் எந்தப் பக்கம் என்று ஊகித்து, எல்லோரும் அதையே ஒப்பித்துவிட்டு எழுந்து போவார்கள்.

இங்கே சொல்லப்போகும் முறையின் இலக்கு ஒன்றுதான். எதிர்த்தரப்பின் வாதத்தை மாணவர் எடுத்துச் சொல்லும்போது, அந்தத் தரப்பில் இருப்பவரே "ஆமா, நான் சொல்ல வர்றது இதுதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மறுப்பதெல்லாம் அதற்குப் பிறகு. நன்னூல் பாயிரம் சொல்லும் எழுவகை மதத்தில் (மதம் என்றால் இங்கே கொள்கை) 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு' என்று ஒன்று உண்டு. பிறர் கருத்தை முதலில் ஏற்று நின்று, பின்பு அதை விலக்குவது. தமிழிலக்கிய வகுப்பில் மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். அதைச் செய்து பார்க்க வைப்பதுதான் நம் வேலை.

60 பேர் உள்ள வகுப்பு, 50 நிமிட ஹவர், தரையோடு பதித்த பெஞ்ச் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம். மொத்தம் 5 ஹவர் தேவை. ஒரு வாரத்துக்கு இரண்டு என்று வைத்தால் நல்லது. ஒரே நாளில் திணித்தால் யோசிக்க நேரம் இருக்காது.

கேள்வியைச் சரியாக அமைப்பது

பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. "இட ஒதுக்கீடு சரியா தவறா" என்று கேட்டுவிட்டால் வகுப்பு அன்றோடு கெட்டது. அந்தக் கேள்வி, இட ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவரைப் பார்த்து "நீ இங்கே உட்காரத் தகுதி உள்ளவனா" என்று கேட்பதற்குச் சமம். பக்கத்தில் இருப்பவரின் மரியாதையை விவாதப் பொருளாக்கும் எந்தக் கேள்வியும் வேண்டாம். தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. அதற்கு இரண்டு பக்கம் கிடையாது, அதை விவாதத்துக்கு வைக்கவும் கூடாது.

நல்ல கேள்வியை மூன்று வழியில் சோதிக்கலாம். விவரம் தெரிந்த, நல்லெண்ணம் உள்ள மனிதர்கள் உண்மையிலேயே இரு பக்கமும் நிற்கிறார்களா? அரசு எடுக்கக்கூடிய ஒரு குறிப்பிட்ட முடிவைப் பற்றியதா? எந்தப் பக்கம் பேசினாலும் வகுப்பில் யாரும் குன்றிப்போகாமல் இருக்க முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்குக் குடும்ப வருமான வரம்பு வேண்டுமா? மத்திய அரசின் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) ஒதுக்கீட்டில் 'கிரீமி லேயர்' எனப்படும் வரம்பு இருக்கிறது: அதைத் தாண்டிய வசதியான குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு கிடையாது. தமிழ்நாட்டு அரசின் ஒதுக்கீட்டில் இல்லை. ஒரே மாணவர் மாநிலக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு விதி, ஐ.ஐ.டி.க்கு விண்ணப்பிக்கும்போது இன்னொரு விதி. அதனால் கேள்வி கற்பனையானதல்ல, அவர்கள் கையில் இருக்கும் சான்றிதழைப் பற்றியது. அதோடு, இட ஒதுக்கீடு இருக்கிறது என்பதை இரு பக்கமும் ஏற்றுக்கொண்டே பேசுகின்றன. சமூக நீதியில் அக்கறை உள்ளவர்களே இரு பக்கமும் இருக்கிறார்கள் என்பது இந்தக் கேள்வியின் பெரிய பலம்.

அனுமதியும் விதிகளும்

எச்.ஓ.டி.க்கும் முதல்வருக்கும் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். கேள்வி, தேதிகள், கொடுக்கப்போகும் ஆவணங்கள், எந்தக் கட்சிக்காரரையும் அழைக்கவில்லை என்ற ஒரு வரி, இவை போதும். பாடத்திட்டத்தில் எந்த அலகோடு இது சேர்கிறது என்பதையும் எழுதுங்கள். அரசியலறிவியல், வரலாறு, சமூகவியல், சட்டம் படிப்பவர்களுக்கு எளிது. மற்ற துறைகளில் மதிப்புக் கல்வி ஹவரில் வைக்கலாம். பின்னால் யாராவது புகார் கொடுத்தால் இந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

விதிகளை மாணவர்களோடு சேர்ந்து எழுதுவது நல்லது. ஆனால் நான்கில் மட்டும் பேரம் பேச வேண்டாம்:

1. யாரும் தன் சாதியைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவர் சாதியைப் பற்றி யாரும் பேசக் கூடாது, ஊகமாகக்கூட.
2. செல்போன் பைக்குள். படம், வீடியோ, ஆடியோ எதுவும் கிடையாது.
3. "நீ" என்று ஆரம்பித்துக் குறை சொல்லக் கூடாது. "இந்த வாதம்" என்று ஆரம்பிக்க வேண்டும்.
4. ஒருவர் வகுப்பில் சொன்னதை அவர் பெயரோடு வெளியே கொண்டுபோகக் கூடாது.

இரண்டாவது விதி மிக முக்கியம். பத்து விநாடி வீடியோ வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால், சீட்டுக் குலுக்கலில் தனக்கு விழுந்த பக்கத்துக்காகப் பேசிய மாணவர் அதைத் தன் கருத்தாகச் சொன்னவர் போல ஆகிவிடுவார். இதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லுங்கள். பயம் குறைந்தால்தான் பேச்சு வரும்.

கையில் கொடுக்க வேண்டிய 4 பக்கங்கள்

"நெட்ல பார்த்துட்டு வாங்கப்பா" என்று அனுப்பாதீர்கள். ஆளுக்கு ஒரு யூடியூப் சேனலோடு வருவார்கள். எல்லோர் கையிலும் ஒரே தாள் இருக்க வேண்டும். ஆங்கில வழி, தமிழ் வழி மாணவர்கள் கலந்திருந்தால் இரு மொழியிலும் கொடுங்கள். நான்கு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் படிக்க மாட்டார்கள்.

*முதல் பக்கம்: இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தகவல்கள்.* தமிழ்நாட்டின் 69 சதவீதம் எப்படிப் பிரிகிறது: பிற்படுத்தப்பட்டோர் 30, இதில் இசுலாமியருக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, இதில் அருந்ததியருக்கு 3, பழங்குடியினர் 1. மீதி 31 பொதுப் போட்டி. அடுத்து ஆண்டுகள். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்றது. அதே ஆண்டு முதல் அரசியலமைப்புத் திருத்தம், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) பிரிவைச் சேர்த்தது. 1992இல் இந்திரா சாஹ்னி வழக்கின் தீர்ப்பு 50 சதவீத உச்சவரம்பையும் கிரீமி லேயர் விலக்கையும் சொன்னது. தமிழ்நாடு சட்டம் இயற்றி 69 சதவீதத்தைத் தக்கவைத்தது. 1994இல் 76ஆவது திருத்தம் அந்தச் சட்டத்தை, நீதிமன்ற வழக்குகளிலிருந்து சட்டங்களுக்குப் பாதுகாப்புத் தரும் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது.

*இரண்டாம் பக்கம்: வரம்பு வேண்டும் என்போர்.* ஒரே வகுப்புக்குள் ஏற்கெனவே முன்னேறிய குடும்பங்களே திரும்பத் திரும்ப இடத்தைப் பிடித்தால், அதே வகுப்பின் கடைசிக் குடும்பத்துக்கு எப்போது வரும்? 1970இல் அறிக்கை கொடுத்த சட்டநாதன் ஆணையமே, பலன் சில பிரிவினரிடம் குவிவதைச் சுட்டி வருமான வரம்பைப் பரிந்துரைத்தது. மத்திய ஒதுக்கீட்டில் 1993 முதல் வரம்பு நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாயில் தொடங்கி, 2017 முதல் 8 லட்சம்.

*மூன்றாம் பக்கம்: வரம்பு வேண்டாம் என்போர்.* 15(4) பேசுவது சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய நிலையை. பணம் வந்ததும் சாதி இழிவு போய்விடுவதில்லை. ஒதுக்கீடு என்பது வறுமை ஒழிப்புத் திட்டம் அல்ல, அதிகாரத்தில் பங்கு. கடைசிக் குடும்பத்துக்கு வழி செய்ய வேண்டுமானால் உள் ஒதுக்கீடு இருக்கிறது: 1989இல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் தனியாகப் பிரிக்கப்பட்டது அப்படித்தான். வருமானச் சான்றிதழ் மாதச் சம்பளக்காரரை மாட்டவைக்கும், வருமானத்தை மறைக்க முடிந்தவரை விட்டுவிடும்.

*நான்காம் பக்கம்: தமிழ்நாடே செய்து பார்த்தது.* 1979இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தது. கடும் எதிர்ப்பு. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. 39இல் 2 இடங்களில்தான் வென்றது. ஆணை திரும்பப் பெறப்பட்டது, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31இலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது.

இரண்டாம், மூன்றாம் பக்கங்கள் ஒரே நீளத்தில், ஒரே தரத்தில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த பக்கம் தானாகவே நீண்டுவிடும். எதிர்க்கருத்துள்ள சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, "உங்க தரப்பை நியாயமா எழுதியிருக்கேனா" என்று கேளுங்கள். அவர் திருத்தாமல் அச்சடிக்க வேண்டாம்.

முதல் ஹவர்: குளிர்ந்த தலைப்பில் பழகுவது

நேரே இட ஒதுக்கீட்டுக்குப் போகாதீர்கள். "75 சதவீத வருகைப்பதிவு கட்டாயமாக இருக்க வேண்டுமா" என்பதில் தொடங்குங்கள். எல்லோருக்கும் அனுபவம் உண்டு, யாருக்கும் காயம் இல்லை.

இருவர் இருவராக உட்காரட்டும். ஒருவர் 2 நிமிடம் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். கேட்டவர் 1 நிமிடத்தில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "சரி" என்றால்தான் கேட்டவர் தன் கருத்தைத் தொடங்கலாம். "இல்ல, நான் அப்படிச் சொல்லல" என்றால் மறுபடி. முதல் சுற்றில் பெரும்பாலோர் தோற்பார்கள், தோற்கட்டும். திருப்பிச் சொல்கிறேன் என்று தங்கள் மறுப்பைச் செருகுவார்கள்: "அதாவது கிளாஸ் கட் அடிக்கணும்னு சொல்றான் சார்." இது திருப்பிச் சொல்வது ஆகாது என்பதை அங்கேயே காட்டுங்கள். மூன்று முறை ஜோடி மாற்றினால் 50 நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

பேச்சுத் தமிழில் பேச விடுங்கள். ஆங்கிலத்திலோ மேடைத் தமிழிலோதான் பேச வேண்டும் என்றால், ஏற்கெனவே பேசிப் பழகியவர்கள் மட்டும் பேசுவார்கள்.

இரண்டாம் ஹவர்: தகவல், மதிப்பு, கணிப்பு

நான்கு பக்கங்களைக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் த, ம, க என்று குறி போடச் சொல்லுங்கள். "2017 முதல் வரம்பு 8 லட்சம்" என்பது தகவல். "வசதியானவருக்கு ஒதுக்கீடு கொடுப்பது நியாயமில்லை" என்பது மதிப்பு. "வரம்பு வைத்தால் இடங்கள் காலியாகும்" என்பது கணிப்பு. தகவலுக்குப் பதில் ஆவணம். மதிப்புக்குப் பதில் காரணம், அதைப் புள்ளிவிவரத்தால் தோற்கடிக்க முடியாது. கணிப்புக்குப் பதில் முன்பு நடந்த அனுபவம். நம் ஊர் வாதங்கள் முடிவில்லாமல் போவதற்குக் காரணம், ஒருவர் மதிப்பைச் சொல்லும்போது மற்றவர் தகவலால் அடிப்பதுதான்.

இங்கே நிறைய நேரம் கொடுங்கள், ஏனென்றால் தகவல் என்று மாணவர்கள் நம்பி வருவதில் பாதி பிழை. அடிக்கடி வருபவை இவை.

"அம்பேத்கர் பத்து வருஷத்துக்குத்தான் இட ஒதுக்கீடு கொடுத்தார்." பத்தாண்டு கெடு இருப்பது 334ஆம் பிரிவில். அது மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் உள்ள தனித்தொகுதிகளைப் பற்றியது. கல்வி, வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டுக்கு அரசியலமைப்பில் கெடு கிடையாது.

"50 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாதுன்னு அரசியலமைப்புல இருக்கு." இல்லை. அது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் வந்தது.

"மீதி 31 சதவீதம் முன்னேறிய சாதிக்கு." அதுவும் இல்லை. அது எல்லோருக்குமான பொதுப் போட்டி. அதிக மதிப்பெண் எடுத்த பிற்படுத்தப்பட்ட மாணவரும் பட்டியல் சாதி மாணவரும் அதில் இடம் பெறுவார்கள்.

"பொருளாதார அளவுகோல் சரியா என்பதில்தான் 2022இல் நீதிபதிகள் பிரிந்தார்கள்." பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத ஈ.டபிள்யூ.எஸ். ஒதுக்கீட்டு வழக்கில் 3:2 என்று பிரிந்தது உண்மை. ஆனால் மாறுபட்ட இருவரும் எதிர்த்தது, ஏழைகளிலேயே பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைகளை விலக்கியதை. பொருளாதார அளவுகோலே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை.

இவற்றைச் சொன்ன மாணவரைத் திருத்தாதீர்கள், வாக்கியத்தைத் திருத்துங்கள். "இது நிறைய பேர் நம்புறது, சரிபார்ப்போம்" என்று பலகையில் எழுதி, ஆவணத்தைக் காட்டுங்கள்.

இந்த ஹவரின் கடைசி 15 நிமிடம் குடும்ப அட்டைகளுக்கு. அட்டைக்கு ஒன்றாக நான்கு கற்பனைக் குடும்பங்கள், எல்லாம் பிற்படுத்தப்பட்டோர், சாதிப் பெயர் கிடையாது. முதல் அட்டையில் பெற்றோர் இருவரும் அரசு அலுவலகத்தில் குரூப் சி ஊழியர்கள், சேர்த்து ஆண்டுக்கு 14 லட்சம். இரண்டாவதில் மளிகைக் கடை, மூன்று ஆண்டாகத் தொடர்ந்து 9 லட்சம், வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மூன்றாவதில் அப்பா குரூப் ஏ பதவிக்கு நேரடியாகத் தேர்வானவர். நான்காவதில் விவசாயக் குடும்பம், நல்ல மகசூல் ஆண்டில் 10 லட்சம், நிலம் கொஞ்சம்தான். மத்திய விதிப்படி யார் கிரீமி லேயர் என்று கேளுங்கள்.

விடை வகுப்பையே உலுக்கும். 14 லட்சம் சம்பளக் குடும்பம் ஒதுக்கீட்டுக்கு உள்ளே, 9 லட்சம் மளிகைக் கடை ஒதுக்கீட்டுக்கு வெளியே. காரணம், 1993 விதியின் வருமானச் சோதனையில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அரசு ஊழியருக்குப் பதவிதான் அளவுகோல். விவசாயிக்கு நிலம்தான் அளவுகோல்: மாநில நில உச்சவரம்பில் 85 சதவீதமோ அதற்கு மேலோ பாசன நிலம் இருந்தால் ஒதுக்கீடு கிடையாது. எனவே குரூப் ஏ அதிகாரியின் பிள்ளை வெளியே, விவசாயி வீட்டுப் பிள்ளை உள்ளே. "வரம்பு வேண்டும்" என்று உறுதியாக இருந்தவர்கள் "இந்த வரம்பு வேண்டாம்" என்பார்கள். "வேண்டவே வேண்டாம்" என்றவர்களில் சிலர் மூன்றாவது அட்டையைப் பார்த்து யோசிப்பார்கள். வாதம் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்பதிலிருந்து விலகி அட்டையின் மேல் நிற்கும். ஐந்து ஹவரில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

மூன்றாம், நான்காம் ஹவர்: நால்வர் குழு

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் உருவாக்கிய குழுமுறையை நம் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். நான்கு பேர் ஒரு குழு. இருவர் ஒரு பக்கம், இருவர் மறு பக்கம். பெஞ்சை நகர்த்த முடியாது என்பதால், ஒற்றைப்படை எண் வரிசைகளில் இருப்பவர்கள் பின்னால் திரும்பி உட்கார்ந்தால் போதும். 60 பேருக்கு 15 குழு. எட்டுப் பேர் வராவிட்டால் 13. எண்ணிக்கை மிஞ்சினால் ஐந்தாவது ஆள் கவனிப்பாளர்: யார் எத்தனை முறை குறுக்கே பேசினார் என்று கோடு போடுவார்.

பக்கத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், எல்லோர் கண் முன்னாலும். மாணவரே தேர்ந்தெடுத்தால், யார் எந்தப் பக்கம் போனார் என்பதை வைத்து யார் என்ன சாதி என்ற கணக்கு தொடங்கிவிடும். குழுவில் நண்பர்களையும் ஒரே ஊர்ப் பேருந்தில் வருபவர்களையும் பிரித்து உட்கார வையுங்கள்.

மூன்றாம் ஹவரின் நேரக்கணக்கு இது. உட்கார 5 நிமிடம். ஜோடியாகப் படித்து, தன் பக்கத்தின் மூன்று வலுவான காரணங்களை எழுத 15. முதல் ஜோடி பேச 4, எதிர் ஜோடி அதைத் திருப்பிச் சொல்ல 2, திருத்த 1. இரண்டாம் ஜோடிக்கும் அதே 7. மீதி 16 நிமிடம் கேள்விகளுக்கு. இந்த நேரத்தில் மறுப்பு கிடையாது, கேள்வி மட்டும்: "உங்க மூணாவது காரணத்துக்கு ஆதாரம் எந்தப் பக்கத்துல?" கைத்தட்டி நேரத்தைச் சொல்லுங்கள், 15 குழுவின் சத்தத்தில் குரல் கேட்காது.

நான்காம் ஹவரில் பக்கம் மாறும். நேற்று வேண்டும் என்றவர்கள் இன்று வேண்டாம் என்பார்கள். தயாரிக்க 8 நிமிடம், பேச ஆளுக்கு 4. கூடுதலாக ஒரு நிபந்தனை: நேற்று அந்தப் பக்கம் பேசியவர்கள் சொல்லாத ஒரு காரணத்தையாவது சேர்க்க வேண்டும். முகம் சுளிப்பார்கள், "என்னால இதைப் பேச முடியாது மேடம்" என்பார்கள். கட்டாயப்படுத்த வேண்டாம், ஆனால் எளிதில் விட்டுவிடவும் வேண்டாம். "நீங்க நம்ப வேண்டாம்மா, அவங்க எப்படிச் சொல்வாங்கன்னு சொல்லுங்க" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். உண்மையிலேயே மனம் நோகிற மாணவருக்குக் கவனிப்பாளர் வேலை கொடுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

கடைசி 25 நிமிடம் பக்கங்களைக் கைவிட்டு நால்வரும் ஒரு தாளில் எழுதுவது: நாங்கள் நால்வரும் ஒப்புக்கொள்வது, ஒப்புக்கொள்ளாதது, ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் தகவலா மதிப்பா கணிப்பா, எந்தத் தகவல் கிடைத்தால் எங்களில் யாராவது மனம் மாறுவோம். ஒற்றுமை வந்தே ஆக வேண்டும் என்று சொல்லாதீர்கள். போலி ஒற்றுமை எழுதுவார்கள்: "வசதியற்றோருக்கு உதவ வேண்டும் என்பதில் அனைவரும் உடன்படுகிறோம்." இப்படிப்பட்ட வாக்கியத்தை அடித்துத் திருப்பிக் கொடுங்கள்.

நான்காம் பக்கத்தின் 1979 ஆணையை இங்கே யாராவது ஆதாரமாக எடுப்பார்கள். எதற்கு ஆதாரம் என்று கேளுங்கள். ஆணை சில மாதங்களே இருந்தது, அதனால் இடம் காலியாகுமா என்பதற்கு அது பதில் சொல்லாது. தேர்தல் தோல்விக்கு அந்த ஆணை ஒரு காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. ஆனால் அந்தத் தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் கூட்டணியாக நின்றன. ஒரு நிகழ்வுக்கு ஒரே காரணம் என்று சொல்லும் பழக்கத்தை உடைக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

ஐந்தாம் ஹவர்: முழு வகுப்பு

பலகையில் எல்லாக் குழுக்களின் 'ஒப்புக்கொள்ளாதது' வரிகளையும் எழுதி, ஒரே மாதிரியானவற்றைச் சேருங்கள். பொதுவாக மூன்று நான்கு முடிச்சுகளில் வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம் திறந்த பேச்சு.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 விநாடியாக நீட்டினாலே பதில்கள் நீள்கின்றன, புதியவர்கள் பேசுகிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் காட்டினார். சூடான தலைப்பில் 10 விநாடிகூடக் காத்திருக்கலாம். எல்லோரும் ஒரு வரி எழுதிய பிறகு கை தூக்கச் சொன்னால், கடைசி பெஞ்சும் மாணவிகளும் பேசுவது தெளிவாகக் கூடும். ஒரு முறை பேசியவர் மூன்று பேர் பேசிய பிறகுதான் மறுபடி பேசலாம் என்று வையுங்கள்.

ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லலாமா

ஜெர்மனியில் அரசியல் கல்வி வல்லுநர்கள் 1976இல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் கூடி வகுத்த மூன்று நெறிகள் இன்றும் அங்கே வழிகாட்டுகின்றன. மாணவரை அமுக்கி ஒரு கருத்துக்குள் தள்ளக் கூடாது. சமூகத்தில் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும். தன் நலனை ஆராய்ந்து செயல்பட மாணவருக்குத் திறன் வளர வேண்டும். இவை நமக்கும் அப்படியே பொருந்தும், அதிலும் இன்டர்னல் மார்க் நம் கையில் இருக்கும்போது.

எனவே ஐந்தாம் ஹவர் முடியும் வரை உங்கள் பக்கத்தைச் சொல்லாதீர்கள். முகமும் சொல்லக் கூடாது: ஒரு பக்கம் பேசும்போது மட்டும் தலையாட்டுவதை மாணவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். எல்லாம் முடிந்து, அவர்களே கேட்டால் சொல்லலாம். காரணத்தையும், எதிர்த்தரப்பில் உங்களை உறுத்தும் வாதம் எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் தகவலில் நடுநிலை கிடையாது. 334ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பது கருத்து வேறுபாட்டுக்குரிய விஷயம் அல்ல.

எங்கே சறுக்கும்

*சாதிப் பெயர் வெளியே வந்துவிட்டது.* "அவங்களுக்கென்ன, மார்க்கே இல்லாம சீட் கிடைச்சிடும்" என்று ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சொல்லிவிட்டால் உடனே நிறுத்துங்கள். சிரித்துக் கடக்காதீர்கள், "விடுங்கப்பா" என்று மழுப்பாதீர்கள். "முதல் விதி மீறப்பட்டது. இது வாதம் இல்லை, ஆளைத் தாக்குவது. பேச்சை இங்கேயே நிறுத்துறோம்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள். 2 நிமிடம் எல்லோரும் எழுதட்டும், பிறகு அட்டைக்குத் திரும்புங்கள். வகுப்பு முடிந்ததும் தாக்கப்பட்டவரைத் தனியாகப் பாருங்கள், முதலில் அவரை, சொன்னவரை அப்புறம். புகார் கொடுக்க விரும்பினால் கல்லூரியின் சம வாய்ப்புப் பிரிவுக்கு வழி காட்டுங்கள். கொடுக்க வேண்டாம் என்று சமாதானம் செய்யாதீர்கள்.

*யாரும் பேசவில்லை.* பெரும்பாலும் காரணம் பயம்தான், அறியாமை அல்ல. பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் கருத்தை எழுதி வாங்கி, கலைத்துக் கொடுத்து, கையில் வந்ததை ஒவ்வொருவரும் வாசிக்கட்டும். சீட்டுகளை முதலில் நீங்கள் ஒரு முறை படித்துவிடுங்கள்.

*ஒருவரே பேசுகிறார்.* கட்சி மாணவரணியில் இருப்பவராகவோ பரிசு வாங்கிய பேச்சாளராகவோ இருப்பார். அடக்காதீர்கள், வேலையை மாற்றுங்கள். எதிர்த்தரப்பைச் சுருக்கிச் சொல்லும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். பேச்சுத் திறமை அங்கே நன்றாகப் பயன்படும்.

*ஒரு மாணவரை ஒரு பிரிவின் பிரதிநிதியாக்குவது.* "உங்க கம்யூனிட்டில என்ன நினைக்கிறாங்க" என்று எந்த மாணவரிடமும் கேட்கக் கூடாது. ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகளில் இது முதலிடம். சொந்த அனுபவத்தைத் தானாக ஒருவர் சொன்னால் நன்றியோடு கேளுங்கள், ஆனால் அதைச் சரிபார்க்கவோ விவாதிக்கவோ மற்றவர்களை விடாதீர்கள்.

*வாட்ஸ்அப்பில் தொடர்வது.* அன்று மாலை வகுப்புக் குழுவில் சண்டை மூளும். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: விவாதம் வகுப்பில் மட்டும், குழுவில் கிடையாது. நேரில் முகம் பார்த்துப் பேசும்போது வரும் தயக்கம் அங்கே இருக்காது.

மதிப்பெண்

எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அதை எழுத்தில் கொடுங்கள், வாய்ச்சொல்லை நம்ப மாட்டார்கள். 10 மதிப்பெண் என்றால் இப்படிப் பிரிக்கலாம்: தான் ஏற்காத பக்கத்தை 200 சொற்களில் எழுதுவதற்கு 4, தகவல்-மதிப்பு-கணிப்பைச் சரியாகப் பிரித்ததற்கு 3, குழுத் தாளுக்கு 2, ஐந்தாம் ஹவருக்குப் பிறகு மனதில் எஞ்சிய ஒரு கேள்வியை எழுதியதற்கு 1. அந்த 200 சொற்களை, அந்தப் பக்கத்தை உண்மையில் ஏற்கும் சக மாணவர் ஒருவர், எழுதியவர் பெயர் தெரியாமல் படித்து "இது என் தரப்புதான்" என்று கையெழுத்துப் போட்டால் 4இல் 2 உறுதி. மீதி 2 உங்கள் மதிப்பீடு. "அவர்கள் கூறுவது போல" "எனச் சிலர் பிதற்றுவர்" போன்ற சொற்கள் வந்தால் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுத வையுங்கள்.

அடுத்த தலைப்பு

ஒரு செமஸ்டரில் இரண்டு தலைப்புக்கு மேல் வேண்டாம். இட ஒதுக்கீட்டுக்கு அடுத்துத் தொகுதி மறுவரையறை நன்றாக அமையும். 1976இல் 42ஆவது திருத்தம் மாநிலங்களின் மக்களவை இடங்களை 1971 மக்கள்தொகைக் கணக்கில் நிறுத்தியது. 84ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. இதில் சாதி இல்லாததால் சூடு குறைவு. ஆனால் வேறு சிக்கல் வரும்: தமிழ்நாட்டு வகுப்பில் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பார்கள். அதற்கு, ஒவ்வொரு குழுவிலும் ஒரு ஜோடி பீகாரில் ஒரு தொகுதியின் வாக்காளராக நின்று பேச வேண்டும் என்று வையுங்கள். ஓர் எம்.பி.க்கு எத்தனை பேர் என்பதை இரு மாநிலங்களுக்கும் 2011 கணக்கெடுப்பிலிருந்து அவர்களே கணக்குப் போடட்டும். தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேருக்கு 39 இடம், பீகாரில் 10.41 கோடிப் பேருக்கு 40. வகுத்துப் பார்த்த பிறகு விவாதத்தைத் தொடங்குங்கள்.